பதினாலாம் பக்கத்துக் கை

தம்பி, இந்தப் பைய ஒங்க காலுக்குப் பக்கத்துல தள்ளிக்கிடுதேன், முட்டாதுல்லா? நல்லெண்ணெய் பாட்டில் இருக்கு, சாஞ்சிரக் கூடாது. எங்க போறிய? மதுரைக்கா. நான் கோவில்பட்டில எறங்கிருவேன். சன்னலுக்கு நீங்களே இருங்க, எனக்குக் காத்து ஆவாது.

ஒங்களுக்குப் பிள்ளைய எத்தன? ஒண்ணா? ஒண்ணே ஒண்ணா? சரி, சரி. மனசு தளராதிய. ஒங்க பேரச் சொல்லுங்க, ஜெபத்துல வச்சுக்கிடுதேன். வேண்டாமா? ஒண்ணு போதும்னு நீங்களே முடிவு பண்ணிட்டியளா? இந்தக் காலத்துப் பிள்ளைய எல்லாம் நீங்களே முடிவு பண்ணிருதிய. நாங்க முடிவு பண்ணல. கர்த்தர் குடுத்துட்டே இருந்தாரு, நாங்க வாங்கிட்டே இருந்தோம்.

எனக்கு ஏழு. ஆறு. ஏழு பெத்தேன், இப்போ ஆறுன்னு வச்சுக்கிடுங்க. அதத்தான் சொல்ல வாரேன்.

எம் பேரு சத்தியநேசன். ஊரு நாசரேத்துப் பக்கம். முப்பத்திநாலு வருசம் தபால் ஆபீசு, கடைசில போஸ்ட்மாஸ்டரா ரிட்டயர் ஆனேன். ஊருல பேரச் சொன்னா ஒருத்தருக்கும் தெரியாது, போஸ்ட்மாஸ்டர்னா சின்னப் பிள்ளை கூட வீட்டக் காட்டும். முன்னாடி ஏழு பிள்ளை போஸ்ட்மாஸ்டர்னு சொல்லுவாவ. இப்போ வேற பேரு வச்சிருக்காவ. அத அப்புறம் சொல்லுதேன்.

மூத்தவன் ரிச்சர்டு, மஸ்கட்டு. அடுத்து கிளாடிஸ், சென்னை. அடுத்து எட்வின், பெங்களூரு. பியூலா... பியூலா இப்போ பூனாவா, பரோடாவா? மருமகனுக்கு மாத்தலாயிட்டே இருக்கும். அப்புறம் சாம்சன். எத்தன ஆச்சு? அஞ்சா? இன்னொருத்தன் இருக்கான், விட்டுட்டேன். ஆ, ஜோயல். குவைத்து. ஆறும் ஆறு தெசையில. பிள்ளைய அம்பு மாதிரின்னு வேதத்துல போட்டிருக்கு தம்பி, அம்பு. எய்தாச்சு, போயாச்சு. திரும்பி வாரது கெடையாது. அதானே ஆசீர்வாதம்?

ஏழாவது ஒருத்தி. அவ பேர நான் வாயால சொல்லுதது கெடையாது. எப்சிபாங்குற பேரே இப்போ எங்க வீட்டுல கெடையாது.

சரி, கேளுங்க. எங்க கோயிலுக்கு நூறு வருசம். சர்ச்ச நாங்க கோயில்னுதான் சொல்லுவோம். நூற்றாண்டுக்கு விழா மலர் போடணும்னு சேகரக் கமிட்டில, அதான் கோயில் நிர்வாகக் குழுவுல, முடிவாச்சு. மலர்க்குழுவுக்கு நான் தலைவர். மத்தப் பக்கமெல்லாம் கருப்பு வெள்ளை. ஒரே ஒரு பக்கம், பதினாலாம் பக்கம் மட்டும் கலரு. அதுல என்ன போடணும்? பிஷப் படம் போடலாம்னாவ. நான் எந்திரிச்சேன். ஆசீர்வாதக் குடும்பங்கள்னு தலைப்புப் போட்டு, அஞ்சு பிள்ளைக்கு மேல உள்ள குடும்பத்துப் படத்தப் போடுவோம்னேன்.

எங்க ஐயரு, அதான் பாஸ்டரு, சின்ன வயசு. அவரு மெதுவா, "போஸ்ட்மாஸ்டர் ஐயா, பிள்ளை இல்லாதவங்க சபையில நாலஞ்சு பேரு இருக்காங்க. அவங்க மனசு நோகும்"னாரு.

"நோவட்டும் ஐயரே, நோவுனாத்தான ஜெபம் வரும்"னேன்.

அவரு அதயும் நோட்டுல எழுதிக்கிட்டாரு. எழுதித்தான ஆவணும்?

இன்னொரு சிக்கல் இருந்துச்சு. அருள்ராஜ் வாத்தியாருக்கு ஆறு பிள்ளை. எனக்கு அடுத்த எடம் அவருதான். அவரு படமும் அந்தப் பக்கத்துல வரும். எனக்குப் பொறாமைன்னு நெனைக்காதிய. ஆனா அவரு மூணாவது பையன் பெந்தெகொஸ்துக்குப் போயி வெள்ளச் சட்ட போட்டுட்டு அலையுதான். அவனக் கொண்டு நம்ம மலருல நிறுத்தலாமா? அதனால ஒரு விதி போட்டேன். குடும்பத்துல அத்தன பிள்ளைகளும் நம்ம சபையில நற்கருணை எடுக்கவங்களா இருக்கணும். ஒருத்தர் வெலகியிருந்தாலும் அந்தக் குடும்பம் அந்தப் பக்கத்துல கெடையாது. தீர்மானம் நம்பர் ஒம்பது. என் கையால எழுதுனது. வாத்தியாரு பாதி டீயோட டம்ளர வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

தீர்மானம் போட்ட நாப்பதாம் நாள் தம்பி. நாப்பதே நாள். கடைசிப் பிள்ளை கோவில்பட்டில போயி ரெஜிஸ்டர் ஆபீசுல கல்யாணம் பண்ணிட்டா. பையன் பேரு மாரிச்செல்வம். பைக்கு மெக்கானிக்கு. நெத்தியில துண்ணூறு.

எங்க பழகுனான்னு கேக்கியளா? அதச் சொன்னா ஒங்களுக்கே ரத்தம் கொதிக்கும். எனக்கு அதுக்கு முந்துன வருசம் கொடலெறக்கம், ஆப்பரேசன். பாளையங்கோட்டையில பதினோரு நாள் படுத்துக் கெடந்தேன். ஆறு பிள்ளைகளும் ஒரே நேரத்துல ஜெபிச்சாவ. வாட்சப்புல குடும்ப குரூப்பு இருக்கு, தெனம் காலையில ஆறு வசனம் வரும். நர்சுகிட்டயெல்லாம் காட்டுனேன், பாரும்மா பிள்ளைகள்னா இப்படில்லா இருக்கணும்னு. ஆஸ்பத்திரியில கூட இருந்தது இவ ஒருத்தி. பெறவு? வீட்டுல சும்மா இருந்தவதான, வந்து இருந்தா. அடுத்த கட்டில்ல அந்தப் பயலோட அப்பா, கால் முறிஞ்சு. அவருக்குத் தொணைக்கு இவன். என்னிய எந்திரிச்சு நடக்கச் சொன்ன அன்னைக்கு அவன்தான் தோளக் குடுத்துக் கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போனான். ஒரு நாளு இல்ல, எட்டு நாளு. நான் என்ன நெனச்சேன்? நல்ல பையனா இருக்கானே, சபைக்குக் கொண்டு வரணும்னு அவனுக்காவ ஜெபம் பண்ணுனேன். அவன் வந்தான் பாருங்க, சபைக்கு இல்ல, எம் மகளுக்கு.

கமிட்டில வாத்தியாரு ஒரு சிரிப்புச் சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. "போஸ்ட்மாஸ்டர், தீர்மானம் நம்பர் ஒம்பதுன்னு ஒண்ணு உண்டே. ஒங்க படம் வருமா?"

"எனக்கு ஆறு பிள்ளை. ஆறு பேரும் நற்கருணை எடுக்கவங்க."

"ஏழாவது?"

"எனக்கு ஏழாவது கெடையாது."

அப்படியே சொன்னேன். மினிட்ஸ்ல எழுதச் சொன்னேன், எழுதுனாவ. ஐயரு மட்டும் பேனாவ மூடி வச்சுட்டு என்னியவே பாத்தாரு. எனக்கு அன்னைக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? விசுவாசத்துக்காவ ஒரு பிள்ளையவே விட்டுக் குடுத்துட்டோமேன்னு ஒரு பெருமை. வீட்டுக்கு வந்து எம் பொஞ்சாதி தங்கபுஷ்பத்துக்கிட்டச் சொன்னேன். அவ மீன் ஆஞ்சுக்கிட்டு இருந்தா. நிமுந்து கூடப் பாக்கல. "மினிட்ஸ்ல எழுதியாச்சா?"ன்னா. எழுதியாச்சுன்னேன். "சரி, அப்போ எனக்கு இனிமே தையல் தெரியாதுன்னும் எழுதச் சொல்லுங்க"ன்னா. என்ன அர்த்தம்னு கேட்டேன். "எழுதிட்டா இல்லைன்னு ஆயிரும்லா"ன்னுட்டு மீனக் கழுவப் போயிட்டா. அவ அப்படித்தான், திடீர்னு ஏதாவது சொல்லுவா, ஒரு தொடர்பும் இருக்காது.

கயத்தாறு வந்துட்டா? இல்ல, இது கங்கைகொண்டான். நேரம் இருக்கு.

இப்போ படம். ஆறு பிள்ளைகளையும் ஒண்ணா நிறுத்தி எடுப்போம்னா ஒருத்தருக்கும் லீவு கெடையாது. ரிச்சர்டுக்கும் எட்வினுக்கும் பேச்சுவார்த்தை கெடையாது, அது வேற. ஆனா பழைய படம் ஒண்ணு இருந்துச்சு. ரிச்சர்டு கல்யாணத்தன்னைக்கு எடுத்தது. பதினோரு வருசம் ஆச்சு. நானும் பொஞ்சாதியும் நாற்காலியில, சுத்தி ஏழும் நிக்கும். எல்லாரும் ஒண்ணாச் சேந்து நின்ன படம் அது ஒண்ணுதான். அத எடுத்துக்கிட்டு நெல்சன் ஸ்டுடியோவுக்குப் போனேன். இதுல இந்தப் பிள்ளைய மட்டும் எடுத்துருன்னேன்.

நெல்சன், "அண்ணாச்சி, எடுத்தா அந்த எடம் ஓட்டையா இருக்குமே"ன்னான்.

"ஏதாவது வையி. பூச்சாடி வையி."

"பாப்பாவ எடுத்துட்டா பூச்சாடி வைக்கச் சொல்லுதிய?"

"பின்ன, பனமரத்தயா வைக்கச் சொல்லுவேன்?"

வச்சான். செவப்புப் பூ, நல்ல பெருசா. கம்ப்யூட்டருல பாத்தேன், அம்சமா இருந்துச்சு. கண்ணாடிய வீட்டுல வச்சுட்டுப் போயிட்டேன், அதான் கோளாறு. சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். சிவகாசில அச்சாயி அறுநூறு மலரு கட்டுக் கட்டா நம்ம வீட்டுல வந்து எறங்குச்சு. நூற்றாண்டுப் பண்டிகைக்கு மூணு நாளுதான் இருக்கு. மொதக் கட்டப் பிரிச்சது எம் பொஞ்சாதிதான். பதினாலாம் பக்கத்த எடுத்து வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் இருந்தா. எனக்கு ஒரே சந்தோசம், ரசிக்காளேன்னு. அப்புறம் வெரல வச்சுக் காட்டுனா.

கை.

அவ தோளுல ஒரு கை. நெல்சன் பய பிள்ளைய முழுசா எடுத்துட்டான், கைய எடுக்க மறந்துட்டான். அந்தப் பிள்ளை அம்மைக்குப் பின்னால நின்னு தோளப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கு. ஆளு போயாச்சு, கை மட்டும் இருக்கு. பூச்சாடி எம் பொஞ்சாதி தோளுல கை போட்ட மாதிரி இருக்கு தம்பி! அதுவும் வாட்ச்சு கட்டுன கை. கருப்பு வாரு போட்ட சின்ன வாட்ச்சு. ஒம்பதாங் கிளாசுல மொத ராங்கு வந்ததுக்கு நான் தூத்துக்குடில போயி வாங்கிக் குடுத்தது. ரெண்டு கடை ஏறி எறங்கி... அது எதுக்கு இப்போ.

சிரிக்காதிய. சரி, சிரிங்க. ஊரே சிரிச்சாச்சு.

மறுபடி அச்சடிக்க நாளு இல்ல. கமிட்டிய அவசரமாக் கூட்டி, அந்த எடத்துல ஒரு சீட்டு ஒட்டிருவோம்னு முடிவு பண்ணுனேன். சீட்டுல என்ன போடுததுன்னு யோசிச்சு, 'பிள்ளைகள் கர்த்தர் தந்த ஆசீர்வாதம்'னு அடிச்சு வாங்குனேன். பக்கத்துக்கும் பொருத்தம், கையும் மறைஞ்சிரும். ஐயருகிட்டக் காட்டுனேன். வாசிச்சாரு, மறுபடி வாசிச்சாரு, "இத எங்க ஒட்டப் போறீங்க?"ன்னு கேட்டாரு. சொன்னேன். அவருக்கு இருமல் வந்துட்டு, வெளிய போயிட்டாரு.

அவளப் பசை காச்சித் தரச் சொன்னேன். மைதாப் பசை. மறுபேச்சில்லாமக் காச்சித் தந்தா. எனக்கு ஒட்டுததச் சொல்லியா குடுக்கணும்? முப்பத்திநாலு வருசம் தபால்தலை ஒட்டுன கை. நான் ஒட்டுனா ஒட்டுனதுதான், மழையில நனைஞ்சாலும் வராது. உக்காந்து ஒட்டுதேன், அவ எதுத்தாப்புல உக்காந்து பாக்கா. சீட்டு கொஞ்சம் அகலமாப் போயிட்டு. கைய மறைச்சா அவ தோளும் மறையுது, மூஞ்சில பாதியும் மறையுது. அம்பது அறுவது ஒட்டியிருப்பேன்.

அப்போ கேட்டா. "எப்சிக்கு இது ஒம்பதாம் மாசம். தலைப்பிரசவம். கூட்டிட்டு வரட்டுமா?"

அவளுக்கு எப்படித் தெரியும், யாரு சொன்னா, ஒண்ணும் நான் கேக்கல. "எந்த எப்சி?"ன்னேன்.

நான் அப்படிக் கேட்டது தப்பா? நீங்க சொல்லுங்க. மினிட்ஸ்ல எழுதியிருக்கு. கமிட்டிக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணுன்னு பேச முடியுமா? மனுசனுக்கு ஒரு வாக்குதான?

அவ எந்திரிச்சா. சீட்டு ஒட்டாத மலரு ஒண்ண எடுத்தா. ஒரு சேலையச் சுருட்டிப் பைக்குள்ள வச்சா. வாசல்ல நின்னுக்கிட்டுச் சொன்னா: "ஒங்க மலருல என்னத்த வேணும்னாலும் ஒட்டிக்கோங்க. எந்தோளுல ஒட்டாதிய. இது எம் பிள்ளை கை."

நாப்பத்திரெண்டு வருசத்துல அவ என்னிய எதுத்துப் பேசுனது அன்னைக்குத்தான். பேசிட்டு நின்னா நானும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். நிக்கலியே. மத்தியானம் ரெண்டு மணி பஸ்ஸுக்குப் போயிட்டா. பசை ஆறிப் போகுமேன்னு நான் மிச்சத்த ஒட்டி முடிச்சேன்.

பண்டிகை நல்லபடியா நடந்துச்சு. ஸ்தோத்திரம். மொத பெஞ்சு எங்க குடும்பத்துக்குன்னு ஒதுக்கியிருந்தாவ, ஆசீர்வாதக் குடும்பம்லா? எட்டுப் பேரு உக்காரலாம். ஆறு பேருக்கும் வர முடியல. குரூப்புல வாழ்த்து போட்டிருந்தாவ, ரிச்சர்டு ஒரு கேக்குப் படம் கூடப் போட்டிருந்தான். அந்த நீள பெஞ்சுல நான் ஒருத்தன் உக்காந்திருந்தேன். நடுவுல உக்காந்தா ஒரு மாதிரி இருந்துச்சு, ஓரத்துக்குப் போனேன். ஓரத்துல உக்காந்தா இன்னும் ஒரு மாதிரி இருந்துச்சு. ஐயரு பிள்ளைகள் ஆசீர்வாதம்னு பிரசங்கம் பண்ணுனாரு. நல்லாத்தான் பண்ணுனாரு. ஒரு தடவ கூட எம் பக்கம் திரும்பல.

சீட்டு ஒட்டுனதுதான் தப்பாப் போச்சு. ஒட்டாம விட்டிருந்தா பாதிப் பேரு கவனிச்சிருக்க மாட்டான். ஒட்டுனா அடியில என்னன்னு பாக்காம விடுவானா? கோயிலுக்குள்ளயே சன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாக்கான். அடியில கை தெரியுது. பொம்பளைய பக்கம் கிசுகிசுன்னு ஒரே சத்தம். அசனத்துப் பந்தியில, அதான் கோயில் விருந்துல, வாத்தியாரு எதுத்தாப்புல உக்காந்து, "போஸ்ட்மாஸ்டர், ஒட்டு நல்லாப் பிடிச்சிருக்கு"ன்னாரு. அசனச் சோறு தம்பி, வருசம் முழுக்க அதுக்குத்தான் காத்திருப்பேன். எலைய மூடிட்டு எந்திரிச்சுட்டேன். இப்போ ஊருல எனக்கு வச்சிருக்க பேரு என்ன தெரியுமா? பூச்சாடி போஸ்ட்மாஸ்டர்.

இவ்வளவுக்கும் காரணம் யாரு? அந்த நெல்சன். ஒரு கைய அழிக்கத் தெரியல, அவனெல்லாம் ஸ்டுடியோ வச்சிருக்கான்.

அவ போயி இருவத்தி மூணு நாளாச்சு. கஞ்சி வச்சுக் குடிச்சுக்கிடுதேன், ஒண்ணும் கஷ்டம் இல்ல. வீடு அமைதியா இருக்கு. ரொம்ப அமைதி. முந்தாநாளுதான் போன் வந்துச்சு. எடுத்த ஒடனே, "பொம்பளப் பிள்ளை. ரெண்டே முக்காக் கிலோ. ஒங்க மூக்கு"ன்னா.

"நீ எப்போ வார?"ன்னேன்.

"பிள்ளைக்குத் தல நிக்கட்டும்"ன்னுட்டு வச்சுட்டா.

தல நிக்க மூணு மாசம் ஆவும்லா? அதான் நேருல போயி நல்லா நாலு கேள்வி கேட்டுக் கூட்டிட்டு வந்துரலாம்னு கெளம்பிட்டேன். வேற ஒண்ணும் இல்ல. பிள்ளையப் பாக்கவெல்லாம் போவல. ரிச்சர்டு பிள்ளைகள் மூணையும் நான் போன்லதான பாத்திருக்கேன், என்ன கொறஞ்சு போச்சு?

பையிலயா? கருப்பு உளுந்து ரெண்டு கிலோ, உடன்குடிக் கருப்பட்டி, நல்லெண்ணெய். அவளுக்கு முட்டுவலி தம்பி, உளுந்தங்களி சாப்பிட்டா கேக்கும். பச்ச ஒடம்புக்காரிக்கும் நல்லதுதான், அது அவிய இஷ்டம். அந்தத் துணியா? எம் பழைய வேட்டி. நாலு நாலாக் கிழிச்சு, தொவச்சு, வெந்நியில முக்கிக் காயப் போட்டுக் கொண்டு வாரேன். பஸ் சீட்டு தொடைக்கதுக்குத்தான். பதினாறு துண்டு. சீட்டுல தூசி ரொம்ப இருக்கும்லா?

கயத்தாறு போயிட்டா? எப்போ போச்சு? அப்போ இன்னும் அர மணி நேரம் கூட இல்லியே.

மாப்பிள... அந்தப் பய பஸ் ஸ்டாண்டுல வந்து நிப்பானாம். அவகிட்ட நான் வாரேன்னு சொல்லல, ஐயருகிட்டத்தான் சொன்னேன். அவரு சொல்லியிருப்பாரு. அவன்கிட்ட நான் பேச மாட்டேன். பையத் தூக்குனா தூக்கட்டும், எனக்கு ஆப்பரேசன் பண்ணுன ஒடம்பு, கனம் தூக்கக் கூடாதுன்னு அவனுக்கே தெரியும்.

தம்பி, ஒரு ஒதவி. இந்தாங்க, இதுதான் அந்த மலரு. வீட்டுல மிச்சம் இருந்ததுல ஒண்ணு கொண்டு வந்தேன். பதினாலாம் பக்கம். இந்தச் சீட்ட எடுக்க முடியுமான்னு பாருங்க. காலையில இருந்து பாக்கேன், வரமாட்டேங்கு. ஈரத் துணி வச்சுப் பாத்தேன், ஆவி காட்டிப் பாத்தேன். எதுக்குன்னா... சும்மா, அச்சு எப்படி இருக்குன்னு சரிபாக்கதுக்குத்தான். அவகிட்ட ஒண்ணு இருக்கு, நம்மகிட்டயும் ஒண்ணு இருக்கட்டுமேன்னுதான். எனக்கு நகம் இல்ல தம்பி, எல்லாத்தயும் கடிச்சுட்டேன். ஒங்களுக்கு நகம் இருக்கு. அந்த மூலையில இருந்து எடுங்க. தண்ணி தொட்டுக்கோங்க. பைய, பைய. எம் மூஞ்சி கிழிஞ்சாலும் பரவால்ல, பூச்சாடி போனாலும் போவட்டும்.

அந்தக் கைக்கு மட்டும் ஒண்ணும் ஆயிரக் கூடாது.